அந்தமானும் பழைய துப்பாக்கியும்

மேல்நாடுகளில் விடுமுறை நாட்களில் பழங்காலத் துப்பாக்கிகளைச் சுட்டு மகிழ்வோர் பலர் உளர். குழலின் வாய்வழியே மருந்தையும் குண்டையும் இட்டுச் சுடும் வகை அது. இப்பொழுதுபோக்கிற்கென அனைத்துலகச் சங்கமொன்று 1971ஆம் ஆண்டில் தோன்றிற்று. அன்னோர் விரும்பி எடுக்கும் துப்பாக்கிகளுள் ஒன்று 1853ஆம் ஆண்டின் என்ஃபீல்டு. அந்தமானில் குடியேறிய நம்மவர், தாம் நாள்தோறும் நடமாடும் அபர்டீன் கடைத்தெருவிற்கும் அத்துப்பாக்கிக்கும் தொடர்பு உண்டென அறிந்தால் வியப்புறுவர்.

அதைச் சுடுவது எளிதன்று. காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து மருந்தைக் குழலில் கொட்டவேண்டும். பின்னர்க் கொழுப்புப் பூசிய முனையோடு குண்டைச் செருகி, இரும்புக் கோலால் அடிவரை இடித்து, வெடிமூடியைப் பொருத்தி, குதிரையை இழுத்து விசையை அழுத்தவேண்டும். தேர்ந்த சிப்பாயும் நிமிடத்திற்கு மூன்று முறைதான் சுடுவான். இன்று பொழுதுபோக்குவோர்க்கு இந்தத் தாமதமே இன்பம். அன்றைய சிப்பாய்க்கோ பல்லில் படும் கொழுப்பு பசுவினுடையதோ பன்றியினுடையதோ என்பதே வினா.

மீரத்தில் தோட்டாவைத் தொட மறுத்த 85 குதிரை வீரர்கள் 1857 மே 9ஆம் நாள் விலங்கிடப்பட்டனர். மறுநாள் கலகம் மூண்டது. அவர்களுக்கு நீட்டப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே என்பது வரலாற்றின் விந்தை! நம்பிக்கை ஒருமுறை முறிந்தபின் எவ்வகைத் தோட்டாவாயினும் ஒன்றுதானே?

கிளர்ச்சி ஒடுங்குமுன்பே, 1858 மார்ச் 10ஆம் நாள், 200 கைதிகளுடன் டாக்டர் வாக்கர் போர்ட் பிளேரில் இறங்கினார். அவர்கள் காடழிக்கப் புகுந்த நிலம் அந்தமானியப் பழங்குடியினருடையது. அம்பேந்திய அம்மக்கள் 1859இல் மீண்டும் மீண்டும் குடியிருப்பைத் தாக்கினர். அவ்வாண்டு ஏப்ரல் தாக்குதலொன்றில் அவர்கள் தேடியது கைதிகளை வேலை வாங்கும் மேஸ்திரிகளை. காலில் விலங்கு பூண்டவர்களை வருத்தவில்லை. யார் பகைவர், யார் அடிமை என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

மே மாதத்தில் அபர்டீனைக் குறிவைத்துப் பெரும்படை திரண்டது. அச்செய்தியை முன்கூட்டி வந்து சொன்னவன் தூத்நாத் திவாரி என்பவன். சிப்பாயாயிருந்து, கலகத்திற்காகத் தீவாந்தர தண்டனை பெற்று, தப்பியோடி, அப்பழங்குடியினரிடையே மணஞ்செய்து ஏறத்தாழ ஓராண்டு வாழ்ந்தவன் அவன். காத்திருந்த துப்பாக்கிகளும் கப்பல் பீரங்கியும் முழங்கின. அம்பு தொடுப்போர் சிறிது நேரம் அபர்டீனைக் கைப்பற்றியும், முடிவில் பின்வாங்க நேர்ந்தது. திவாரிக்கு மன்னிப்பு கிடைத்தது. மனைவியைக் காட்டிலேயே விட்டு அவன் தாயகம் திரும்பினான்.

அன்று ஆயிரக்கணக்கில் வாழ்ந்த பெருந்தீவு அந்தமானியர், நோய்களாலும் நலிந்து, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 44 பேராயினர். அப்போரில் மாண்ட பழங்குடியினர்க்கு எழுப்பிய நினைவுச் சின்னம் அபர்டீன் கடலோரத்தில் நிற்கிறது. கடைத்தெருவிலிருந்து நடந்தே போய்ப் பார்க்கலாம்.