இளம்பருவ இன்னலும் மனவடுவும்: அளவீட்டு முறைகள்

பதினெட்டு வயது நிரம்புமுன் ஒருவர் வீட்டிலும் பள்ளியிலும் ஊரிலும் அனுபவிக்கும் அடி, வசை, பாலியல் கொடுமை, புறக்கணிப்பு, பெற்றோரின் மரணம், பிரிவு, சிறைவாசம், குடிப்பழக்கம், போர், பேரிடர் முதலியவற்றை முறைப்படி விசாரித்து, அவற்றின் வகையையும் அளவையும் விளைவையும் கணக்கிட்டுக் கூறும் ஆராய்ச்சியே இளம்பருவ இன்னல் அளவீடு எனப்படும். இன்னல் வேறு, மனவடு வேறு என்பது இத்துறையின் முதற்பாடம். நேர்ந்த சம்பவம் இன்னல். அச்சம்பவம் உள்ளத்தில் தங்கி, உறக்கத்தைக் கெடுத்து, நினைவில் மீண்டும் மீண்டும் எழுந்து, அன்றாட வாழ்வையே குலைக்குமாயின் அது மனவடு. ஒரே வெள்ளத்தில் வீடிழந்த இரு சிறுவருள் ஒருவன் தேறிவிடுவதும் மற்றொருவன் மழையோசை கேட்டாலே நடுங்குவதும் இயல்பாதலின், இரண்டையும் ஒரே கோலால் அளக்கலாகாது.

தோற்றம்

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் கைசர் பெர்மனென்டே என்னும் மருத்துவ நிறுவனத்தில் பணியாற்றிய வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவரும், அந்நாட்டு அரசின் நோய்த்தடுப்பு மையத்தைச் சேர்ந்த ராபர்ட் அண்டாவும், 1995 முதல் 1997 வரை சுமார் 17,000 பேரிடம் நடத்திய விசாரணையே இத்துறைக்குப் பரவலான கவனத்தைத் தேடித் தந்தது. முதற்கட்டமாக 9,508 பேரின் விடைகளை ஆராய்ந்து 1998-இல் வெளியான கட்டுரை, இன்னல்களை ஏழு வகையாகப் பிரித்தது. பின்னர் அவை பத்தாயின. ஒவ்வொரு வகைக்கும் ஒரு புள்ளி என்ற எளிய கணக்கில், நான்கும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு மதுவடிமை, போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம், இன்னல் ஏதும் அறியாதவர்களைவிட நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு வரை மிகுந்திருந்தது. இன்னலின் எண்ணிக்கை கூடக்கூட நோயும் படிப்படியாகக் கூடிற்று என்பதே அக்கட்டுரை உலகுக்கு அறிவித்த செய்தி.

ஆயினும் அவ்விசாரணைக்கு விடையளித்தோர் காப்பீட்டு வசதியுள்ள நகரவாசிகள். வறுமை, ஊர்க் கலகம், போர், காவலர் வன்முறை முதலியன அப்பத்து வகையுள் இடம்பெறவில்லை. இக்குறையை நீக்கும் நோக்கத்துடன் உலக சுகாதார நிறுவனம் வயது வந்தோருக்கான ஒரு சர்வதேச வினாநிரலை அமைத்து, பதின்மூன்று வகை இன்னல்களை அதில் சேர்த்தது. சகமாணவரின் கொடுமை, தெருவில் கண்ட வன்முறை, படையினராலோ காவலராலோ கும்பலாலோ நேர்ந்த கூட்டு வன்முறை ஆகியன அதில் புதிதாக இடம்பெற்றன. வினாக்கள் பலவற்றிற்குப் ‘பலமுறை’, ‘சிலமுறை’, ‘ஒருமுறை’, ‘ஒருபோதும் இல்லை’ என நான்கு விடைகள் உண்டு. ஒருமுறை நேர்ந்தாலே புள்ளி தருவதா, அடிக்கடி நேர்ந்தால் மட்டுமே தருவதா என்பதைப் பொறுத்து, ஒரே ஊரின் கணக்கு பெரிதாகவும் சிறிதாகவும் தோன்றும்.

பிற கருவிகள்

மர்ரி ஸ்ட்ராஸ் என்னும் சமூகவியல் அறிஞர் 1979-இல் வெளியிட்ட குடும்பப் பிணக்கு அளவுகோல், பின்னர் பெற்றோர் பிள்ளைகளைக் கண்டிக்கும் முறைகளை அளப்பதற்கென விரிவாக்கப்பட்டது. ‘உங்கள் பிள்ளையைக் கொடுமைப்படுத்தியதுண்டா?’ என்று கேட்டால் எந்தத் தாயும் இல்லையென்றே கூறுவாள். ஆதலால், அறைந்ததுண்டா, பொருளால் அடித்ததுண்டா, வீட்டைவிட்டுத் துரத்துவேன் என்று மிரட்டியதுண்டா எனச் செயல்களை ஒவ்வொன்றாகக் கேட்பதே அக்கோலின் நுட்பம். டேவிட் பெர்ன்ஸ்டைன், லாரா ஃபிங்க் ஆகியோர் அமைத்த 28 வினாக்கள் கொண்ட குறும்படிவம், உடற்கொடுமை, உளக்கொடுமை, பாலியல் கொடுமை, உடற்புறக்கணிப்பு, உளப்புறக்கணிப்பு என ஐந்து கூறுகளைத் தனித்தனியே மதிப்பிடுகிறது. மனவடுவை அளக்கும் படிவங்களோ, நடந்ததை விடுத்து, கெட்ட கனவு, திடுக்கிடல், நினைவைத் தவிர்த்தல் முதலிய குறிகளையே விசாரிக்கின்றன.

தமிழகத்திலும் இலங்கையிலும்

தமிழ் நிலத்தில் இவ்வளவீடு காலூன்றிய இடங்களுள் வேலூர் முக்கியமானது. குடும்ப வன்முறை குறித்துப் பல நாடுகளில் நடந்த ஒரு கூட்டாய்வின் இந்தியப் பகுதி, 2000-ஆம் ஆண்டையொட்டி டெல்லி, லக்னௌ, போபால், நாகபுரி, சென்னை, வேலூர், திருவனந்தபுரம் ஆகிய ஏழு மையங்களில் நடைபெற்றது. அங்கெல்லாம் தாயைத் தனியே சந்தித்து, அவளுடைய ஒரு பிள்ளையை மட்டும் குறித்துக்கொண்டு வினாக்களைத் தொடுத்தனர். ஸ்ட்ராஸின் கோலில் அமெரிக்க வீடுகளுக்குரிய தண்டனைகளே இருந்தமையால், முட்டி போடவைத்தல், மிளகாயை வாயிலிடுதல் முதலிய பிற நாட்டு வழக்கங்களும் கூட்டாய்வுக்கான படிவத்தில் சேர்க்கப்பட்டன. கேட்காத கொடுமை கணக்கில் வராது. கணக்கில் வராத கொடுமை இல்லாததாகவே எண்ணப்படும். ஆகையால் இச்சேர்க்கையைச் சிறு திருத்தமென்று கருதலாகாது.

சென்னையில் துளிர் என்னும் அமைப்பு 2006-இல் 2,211 பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், 42 சதவீதத்தினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். அவர்களுள் ஆண் பிள்ளைகளின் விகிதம் பெண் பிள்ளைகளின் விகிதத்தைவிட மிகுந்திருந்தமை, இது பெண்களுக்கே உரிய துன்பம் என்ற பொது அபிப்பிராயத்தைத் தகர்த்தது.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவர் பால் ரஸ்ஸல் உள்ளிட்டோர் தமிழகக் கடற்கரையைச் சேர்ந்த 502 சிறாரிடம் வினாநிரல் வழியே நடத்திய ஆய்வு, தொடக்கக் கால மனவடு 70.7 சதவீதம் என்றது. இலங்கைக் கரையோரம் மூன்று இடங்களில் 264 சிறாரைச் சந்தித்து ஃபிராங்க் நொய்னர் குழுவினர் கண்ட விகிதமோ இடத்துக்கு இடம் 14 முதல் 39 சதவீதம் வரை. சீறிய கடல் ஒன்றே. காலமும் களமும் கருவியும் வேறுபட்டமையால் எண்களும் வேறுபட்டன. எந்தக் கோலால், எப்போது, யார் கேட்டார் என்பதை அறியாமல் ஒரு சதவீதத்தை மட்டும் எடுத்துரைப்பது அறிவியலாகாது.

இலங்கையின் வடபுலத்தில் 420 தமிழ்ப் பள்ளிச் சிறாரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், 92 சதவீதத்தினர் குண்டுவீச்சு, எறிகணை, உற்றாரின் மரணம் போன்ற கொடிய அனுபவங்களைக் கண்டிருந்தனர்; ஆராயப்பட்டோருள் நான்கில் ஒருவர் மனவடு நோயின் இலக்கணத்துக்கு உட்பட்டார். கிளாடியா கட்டானி முதலியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வோ, போர் ஒருபுறமிருக்க, வீட்டில் விழும் அடியும் பிள்ளைகளின் உளநலத்தைத் தனியே கெடுக்கிறதென்றும், தந்தையின் குடி அதனோடு தொடர்புடையதென்றும் காட்டிற்று. யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே மனவடுவை ஆராய வேண்டுமென வலியுறுத்தியவர்.

செங்கமும் ஜவ்வாது மலையும்

திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கமும், அதற்கு வடக்கே மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் ஜவ்வாது மலையும், இக்கருவிகளின் ஆற்றலையும் குறையையும் ஒருங்கே உணர்த்த வல்லவை. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றவர்கள் எனக் கூறப்பட்டுக் காவல்துறையினரால் சுடப்பட்டு மாண்ட இருபது தமிழ்த் தொழிலாளருள் பலர் இம்மாவட்டத்து மலைப்பகுதியினர். செம்மர வழக்குகளில் ஆந்திரச் சிறைகளில் அடைபட்டவர்களும் பலர். அத்தகைய வீடொன்றின் பிள்ளையிடம் பழைய பத்து வினாக்களை நீட்டினால், தந்தை சிறை சென்றது ஒரு புள்ளியாகப் பதிவாகும். தந்தை சுடப்பட்டு இறந்த விதமோ பதிவாக இடமேயில்லை. சர்வதேச வினாநிரலில்தான், குடும்பத்தார் காவலரால் கொல்லப்பட்டதுண்டா என்ற வினா உண்டு. எந்தப் படிவத்தைத் தேர்வது என்பது அலுவலக விவகாரமாகத் தோன்றினும், ஒரு தலைமுறையின் துயரம் ஏட்டில் ஏறுவதும் ஏறாமற்போவதும் அத்தேர்வைப் பொறுத்ததே.

பசியைப் பற்றிய வினாவும் இங்கே கூர்ந்து நோக்கற்பாலது. உண்ணப் போதிய உணவு இருந்ததா என்று மட்டும் கேட்டால், மழை பொய்த்த ஆண்டில் சாமையும் கேழ்வரகும் விளையாத வீட்டுத் தாயும் பிள்ளையைப் புறக்கணித்தவளாகிவிடுவாள். சர்வதேச வினாநிரல், எளிதில் கொடுக்க முடிந்தும் போதிய உணவு கொடுக்காமல் இருந்ததுண்டா என்று கேட்டு, வறுமையைப் புறக்கணிப்பிலிருந்து பிரிக்கிறது. எத்தனை வயதில் திருமணம், துணையைத் தாமே தேர்ந்தாரா, சம்மதம் அளித்தாரா என்ற வினாக்களும் அதில் அடங்கும். இளவயது மணம் இன்னும் மறையாத ஊர்களுக்கு இவை இன்றியமையாதவை. ஆனால் பெற்றோர் கூலிவேலைக்காக மாதக்கணக்கில் வெளியூர் செல்ல, பாட்டியிடமோ உண்டு உறைவிடப் பள்ளியிலோ வளரும் பிள்ளையின் தனிமைக்கு, மரணமும் மணமுறிவும் மட்டுமே கேட்கும் வினா போதாது. அங்கே உள்ளூர் ஆசிரியரையும் தாய்மாரையும் கலந்து புதிய வினாக்களை இயற்றி, முதலில் சிலரிடம் பரீட்சித்து, பொருள் விளங்கிற்றா என அவர்கள் வாயாலேயே கேட்டுத் தெளிந்த பின்னரே படிவத்தை நிறைவு செய்ய வேண்டும்.

நினைவும் உடலும்

வளர்ந்தபின் நினைவிலிருந்து கூறுவதும், சிறுவயதிலேயே அதிகாரிகளோ ஆய்வாளரோ பதிவு செய்ததும் ஒத்திருக்குமா என்பது நெடுநாள் வினா. பதினாறு ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் ஜெஸ்ஸி பால்ட்வின் முதலியோர் வெளியிட்ட கட்டுரை, சிறுவயதில் கொடுமை பதிவானவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் பின்னாளில் அதைக் கூறவில்லை எனவும், பின்னாளில் கூறியவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பழைய பதிவு இல்லை எனவும் கண்டது. இதனால் யாரையும் பொய்யுரைப்போர் என்று கொள்ளலாகாது. இரு முறைகளும் வெவ்வேறு மக்களைத் தொட்டுணர்கின்றன என்பதே பொருள். தலைமயிரில் படியும் கார்டிசோல் என்னும் இயக்குநீரும் நிறப்புரிகளின் முனைநீளமும் இன்னலின் சுவடுகளாக ஆராயப்படுகின்றன. எனினும், ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு இன்னது நேர்ந்தது என்று உறுதி கூறும் தகுதி அவற்றுக்கு இல்லை.

அறமும் பயனும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, பெற்றோர் சம்மதத்துடன், ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இசைவும் பெறப்பட வேண்டும். 2012-ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டமோ, அத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. ஆதலின், உன் விடை எவரிடமும் போகாது என்று முழு வாக்குறுதி அளிக்க ஆய்வாளருக்கு உரிமையில்லை. இவ்வரம்பை வினாவுக்கு முன்பே பிள்ளைக்குப் புரியும்படி உரைப்பதும், உதவி தரவல்ல ஆற்றுப்படுத்துநரையும் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் ஆயத்தமாக வைத்திருப்பதும் ஆய்வின் அங்கங்களே.

இன்னல் புள்ளிகளின் கூட்டுத்தொகை ஒரு சமுதாயத்துக்கு உரிய அளவே அன்றித் தனியொரு பிள்ளையின் தலையெழுத்து அன்று. அக்கணக்கை நிறுவியவர்களுள் ஒருவரான அண்டாவே, தனிமனிதரின் நோயை முன்னறிய அதைப் பயன்படுத்தலாகாதென 2020-இல் எச்சரித்தார். ஆறு புள்ளி பெற்ற மாணவியைக் கெட்டுப்போகக் கூடியவள் என்று முத்திரையிடும் பள்ளி, அவளுக்கு ஏழாவது இன்னலை இழைக்கிறது. இக்கணக்கைக் கொண்டு கேட்க வேண்டியவை வேறு: மலைப்பள்ளிகளுள் எதற்கு ஆற்றுப்படுத்துநர் தேவை, எந்த ஊரில் குடியால் வீடுகள் சிதைகின்றன, தந்தையை இழந்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை சேர்ந்ததா என்பன. இவற்றிற்கு விடையும், விடைக்கேற்ற செயலும் பிறக்குமாயின், தம் துயரை அந்நியர் ஒருவரிடம் திறந்து சொன்ன பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி பட்ட கடன் தீரும்.