அச்சு யார் கையில்?

குப்பனூரிலிருந்து ஏற்காடு ஏற எங்களுக்கென்று ஒரு மலைப்பாதை இருக்கிறது. ஆனாலும் வெளியூர் உறவினர்கள் வந்தால் சேலம் அடிவாரம் வழியாகத்தான் போக வேண்டும் என்பார்கள். காரணம், ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு. இறங்கி நின்று படம் எடுத்துக்கொண்டு, எம்.ஜி.ஆர்., கலைஞர், கண்ணதாசன் என்று பெயர்களைச் சொல்லிவிட்டு வண்டி ஏறுவார்கள். அந்த வளாகத்தில் மரம் இழைத்தவர்கள், சுண்ணாம்புச் சிலை வார்த்தவர்கள், அட்டைக் கத்திக்கு வெள்ளிக் காகிதம் ஒட்டியவர்கள் பெயரை மட்டும் யாரும் சொல்வதில்லை. நமக்கும் தெரியாது.

இந்தப் பொருள்களைச் சினிமாக்காரர்கள் 'பிராப்பர்ட்டி' என்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்த எனக்கு பிராப்பர்ட்டி என்றால் வீடு, நிலம், வில்லங்கச் சான்று. காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது நாங்கள் கற்ற சொல் 'அக்செஸ்வார்', அதாவது துணைப்பொருள். ஒரு மொழியில் சொத்து, இன்னொரு மொழியில் வெறும் துணைப்பொருள். இரண்டில் எது சரி என்ற கேள்வியில்தான் பல நண்பர்களின் கூட்டுத்தொழில் உடைந்திருக்கிறது. அந்தச் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் நம் சேலம். 1952-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் அமெரிக்கக் கம்பெனியுடன் கூட்டாக 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படத்தை எடுத்தது. இயக்கியவர் வில்லியம் பெர்க். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் போன்ற ஹாலிவுட் நடிகர்கள் வந்து நடித்தார்கள். கதையில் மாமத் வருகிறது. பனிக்காலத்தில் வாழ்ந்து அழிந்துபோன, உடம்பெல்லாம் சடைமயிர் கொண்ட யானை அது. அதற்கு எங்கே போவது? நம் நாட்டு யானைகளுக்கே சடைமயிர் போர்த்தி மாமத் ஆக்கிவிட்டார்கள்! இன்று பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் ஒரு யானைக்கு அளவெடுத்து, நடக்கும்போது நழுவாமல் மயிர்ப் போர்வை கட்டுவது லேசான வேலையா, நீங்களே சொல்லுங்கள்.

அந்தப் போர்வை யாருக்குச் சொந்தம் என்று சண்டை வர வழியில்லை. ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில் தச்சர் முதல் நடிகர் வரை பலரும் மாதச் சம்பளக்காரர்கள். செய்தவருக்குக் கூலி, பொருள் கம்பெனிக்கு. நியாயமா இல்லையா என்பது வேறு விஷயம். கணக்கு மட்டும் தெளிவு.

அந்த ஸ்டுடியோவை நிறுவிய டி.ஆர். சுந்தரமும் கூட்டில் தொடங்கியவர்தான். இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர், சேலம் வேலாயுதம் பிள்ளையின் ஏஞ்சல் பிலிம்ஸுடன் சேர்ந்து கல்கத்தாவுக்குப் போய் 'திரௌபதி வஸ்திராபகரணம்' (1934) போன்ற படங்களை எடுத்தார். அப்புறம் 1930-களின் நடுவில் தனியாக மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். 1937-ல் 'சதி அகல்யா' வந்தது. அடுத்த வருஷம் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்'. அதன் கதையைக் கொண்டுவந்தவர் ஏ. சுந்தரம் பிள்ளை. இரு சுந்தரங்களுக்கும் ஒத்துப்போகவில்லை. கதை கொண்டுவந்தவர் நடுவிலேயே விலகினார். ஆனால் படம் நிற்கவில்லை. ஸ்டுடியோவும் கேமராவும் பணமும் யாரிடம் இருந்தனவோ அவர் முடித்து, 1938 ஜனவரி 19-ல் வெளியிட்டார். கூட்டு முறியும்போது, கருவி யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கமே தராசு சாய்கிறது.

'பாலன்' வெளியான இரண்டாம் நாள், ஜனவரி 21-ல், பாரிஸில் ஒரு கிழவர் இறந்துபோனார். பெயர் ஜார்ஜ் மெலியெஸ். எங்கள் தலைமுறைப் பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர். செருப்புத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். தொழிலில் தன் பங்கைச் சகோதரர்களுக்கு விற்று, அந்தப் பணத்தில் ஒரு மாயாஜால அரங்கை வாங்கினார். சினிமா வந்ததும் அதில் இறங்கினார். 1902-ல் அவர் எடுத்த 'சந்திரனுக்கு ஒரு பயணம்' படத்தில் வரும் சந்திரவாசிகளின் தலையையும் பாதத்தையும் அவரே களிமண்ணில் பிடித்துச் சுட்டார். அதிலிருந்து சுண்ணாம்பில் அச்சு எடுத்தார். அந்த அச்சை வைத்து முகமூடி செய்பவர் அட்டையில் வார்த்துக் கொடுத்தார். சினிமாவுக்காகப் பொருள் செய்தவர்களில் இவரை மூத்த ஆசாரி என்றே சொல்லலாம்.

1911-ல் பணமுடையில் பத்தே கம்பெனியுடன் ஒப்பந்தம் போட்டார். படத்துக்குப் பணம் அவர்கள் தருவது, வேலை இவருடையது. ஈடாக வீடும் ஸ்டுடியோவும். எடுத்த படத்தை வெட்டும் உரிமைகூட அவர்கள் கைக்குப் போயிற்று. படங்கள் ஓடவில்லை. 1913-ல் உறவு முறிந்தது. இடையில் உலகப்போர் வந்ததால் சொத்து உடனே கைமாறவில்லை. 1923-ல் கடைசியாக எல்லாம் போனது. மனம் வெறுத்து, தன் படங்களின் நெகட்டிவ்களைத் தானே எரித்தார். பிறகு மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மைக்கடையில் உட்கார்ந்து காலம் தள்ளினார். அச்சு செய்த கை பொம்மை விற்ற கதை இது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1976. லண்டனுக்குப் பக்கத்தில் ட்விக்கன்ஹாம். நிக் பெம்பர்டன் என்பவர் சினிமாவுக்குப் பொருள் செய்பவர். 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் வெள்ளைச் சிப்பாய்களுக்குத் தலைக்கவசம் வேண்டும் என்று அவரிடம் கேட்டார்கள். கம்பெனியின் ஓவியர் வரைந்த படத்தைப் பார்த்து அவர் களிமண்ணில் மாதிரி செய்தார். அதைப் பிளாஸ்டிக்கில் வார்க்கத் தெரிந்த நண்பர் ஆண்ட்ரூ ஐன்ஸ்வர்த். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, காற்றை உறிஞ்சி, அச்சின்மேல் படியவைக்கும் முறை அவருக்குக் கைவந்தது. ஐம்பது கவசங்கள் செய்து கொடுத்தார். கூலி வந்தது. படம் 1977-ல் வெளியாகி உலகையே புரட்டியது. அச்சு மட்டும் ஐன்ஸ்வர்த்திடமே இருந்துவிட்டது. அது யாருக்கு என்று எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை.

2004-ல் அவர் அந்த மூல அச்சிலிருந்தே கவசம் வார்த்து ரசிகர்களுக்கு விற்கத் தொடங்கினார். லூக்காஸ்பிலிம் விடுமா? அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு 2 கோடி டாலருக்குத் தீர்ப்பு வாங்கியது. அடுத்து இங்கிலாந்தில் வழக்கு. கவசத்தின் வடிவம் தன்னுடையது என்றார் ஐன்ஸ்வர்த். நீதிபதி ஏற்கவில்லை. மூலம் ஓவியருடையது, களிமண் வேலை பெம்பர்டனுடையது என்றார். அப்படியானால் லூக்காஸ்பிலிம் ஜெயித்ததா? அதுவும் முழுதாக இல்லை. 2011 ஜூலையில் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம், கவசம் ஒரு சிற்பம் அல்ல, படத்தில் பயன்பட்ட ஒரு பொருள், ஆகவே சிற்பத்துக்கு உரிய காப்புரிமை இதற்குக் கிடையாது என்று முடித்தது. அமெரிக்கக் காப்புரிமையை மீறியதற்கு மட்டும் இங்கிலாந்திலேயே வழக்குத் தொடரலாம் என்றது. சொத்தா, துணைப்பொருளா என்று நான் மேலே கேட்ட கேள்வியைத்தான் நீதிபதிகளும் கேட்டிருக்கிறார்கள்.

இன்று உலகம் முழுவதும் இந்த மாதிரிப் பொருள்களை ஆசைக்காகச் செய்பவர்கள் பெருகிவிட்டார்கள். பகலில் வேறு உத்தியோகம், ராத்திரியில் வாள், கவசம், முகமூடி. ஒருவர் களிமண் பிடிப்பார், ஒருவர் வார்ப்பார், ஒருவர் வர்ணம் அடிப்பார், ஒருவர் முன்பணம் வாங்குவார். முதல் பத்து உருப்படி வரை நட்பு. ஆர்டர் நூறைத் தாண்டினால் கணக்கு. முன்பணம் வாங்கியவர் அதைப் பழைய ஆர்டருக்குச் செலவழித்திருப்பார். வார்ப்பவர் கோபித்து அச்சைத் தூக்கிக்கொண்டு போவார், அல்லது வந்த உருப்படியிலிருந்தே புது அச்சு எடுத்துத் தனியாக விற்பார். ஆசைக்குச் செய்பவர்கள் நடுவில் இதைத் திருட்டாகவே பார்க்கிறார்கள். ஆனால் கோர்ட்டுக்குப் போனால், காகிதம் எங்கே என்று கேட்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1804-ம் வருஷத்துப் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1853-ம் பிரிவில் ஒரு விதி இருந்தது. பங்கு எவ்வளவு என்று எழுதாத கூட்டில், போட்ட முதலுக்குத் தக்க லாபம். பணம் போடாமல் உழைப்பை மட்டும் போட்டவருக்கு, எல்லாரிலும் குறைவாகப் பணம் போட்டவருக்கு என்ன பங்கோ அதுதான். கைவேலைக்காரன் வரிசையில் கடைசி. நம் 1932-ம் வருஷத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் கொஞ்சம் தாராளம். எதுவும் எழுதாவிட்டால் லாபமும் நட்டமும் எல்லாருக்கும் சமம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 69-ம் பிரிவைப் படியுங்கள். பதிவு செய்யாத கூட்டில் ஒரு பங்காளி இன்னொருவர் மேல் ஒப்பந்த உரிமை கேட்டு வழக்குப் போட முடியாது. கூட்டைக் கலைக்கவும் கணக்குக் கேட்கவும் மட்டும் வழி உண்டு.

என் உத்தியோக காலத்தில் கூட்டுப் பத்திரங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் எவ்வளவு, லாபம் எத்தனை அணா என்று பக்கம் பக்கமாக இருக்கும். பிரியும்போது யார் எதை எடுத்துக்கொள்வது என்பதற்குப் பெரும்பாலும் ஒரே வரி, "பங்காளிகள் சுமுகமாகப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது." சுமுகமாகப் பேசுகிறவர்கள் ஏன் பிரியப் போகிறார்கள்? கல்யாணப் பத்திரிகையில் விவாகரத்தைப் பற்றி எழுதுவது போல அபசகுனம் என்று நினைத்துவிடுகிறோம்.

நம் பேரன் பேத்திகள் இப்போது கணினியில் வரைந்து இயந்திரத்தில் அச்சிட்டே கவசம் செய்கிறார்கள். மண் அச்சு போய், கணினிக் கோப்பு வந்திருக்கிறது. அதை ஒரு விரல் சொடுக்கில் பிரதி எடுத்துவிடலாம் என்பதால் ஆபத்து இன்னும் அதிகம். அவர்கள் நண்பர்களோடு சேர்ந்து தொழில் தொடங்குகிறேன் என்று வந்து நின்றால், ஆசீர்வாதத்தோடு நாலு விஷயத்தையும் கேட்டு எழுதி வாங்குங்கள். அச்சு யாருக்கு? முன்பணம் எந்தக் கணக்கில்? விலகுகிறவர் அதே பொருளைத் தனியாகச் செய்யலாமா? செய்தவர் பெயரைப் பொருளின்மேல் போடுவதா, வேண்டாமா? கூட்டைப் பதிவும் செய்யச் சொல்லுங்கள். கட்டணம் கொஞ்சம்தான். சிநேகிதர்களுக்குள் எழுத்து எதற்கு என்று பையன் முறைப்பான். முறைத்தால் முறைக்கட்டும், கையெழுத்துப் போடட்டும்.