தொண்டில் பிறந்த மருத்துவப் பணி

யாழ்ப்பாணத்தில் மேலைத்தேய மருத்துவம் வேரூன்றியதற்கு நோயாளரின் மொழியில் பேசியவர்களே பெருங்காரணம். 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியப் பணி புரிந்தார். பின்னாளில் தம் மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவரது முயற்சியால் 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்' வெளிவந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் பெண்களுக்கென இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் தொடங்கியதும், எம் கல்லூரி மாணவியர் ஊரிலிருந்தே வைத்தியராகும் வழி பிறந்தது.

எம் வகுப்பினரை இம்மரபில் சேர்த்தது இடப்பெயர்வு. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமமே பெயர்ந்து நாவற்குழிப் பாலம் கடந்தது. தென்மராட்சியின் பாடசாலைகளும் கோயில் மடங்களும் சனத்தால் நிறைந்தன. மருந்துத் தட்டுப்பாடு முன்னரே இருந்தது. மாரி மழையும் சேர்ந்துகொண்டது. சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நாம், எம்மோடு முகாமில் இருந்த ஆசிரியை ஒருவரின் சொற்படி, குடும்பநல உத்தியோகத்தருக்கு உதவியாகச் சென்றோம்.

முதல் வேலை வயிற்றோட்டத்தோடு போராடுவது. கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் ஒரு பக்கற் ஜீவனி. கரண்டி கரண்டியாகப் பருக்க வேண்டும். 24 மணித்தியாலம் கடந்தால் மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும். சொல்ல எளிது. ஈர விறகில் நீரைக் கொதிக்கவைப்பதே பெரும்பாடு. "தண்ணி குடுத்தா இன்னும் கூடப் போகும், பிள்ளை" என்று மறுத்த தாய்மாரும் இருந்தனர். உடலிலிருந்து போகும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யாவிட்டால் குழந்தை சோர்ந்துவிடும் என்பதை அவர்களருகில் குந்தியிருந்து விளக்கினோம். ஒரு குழந்தை கண் திறந்து அழுதால் அன்று எமக்குப் பசி தெரியாது.

அடுத்தது முதியவர்கள். பிறஷர் குளிசையைப் பாதியாக உடைத்துக் கணவனுக்கும் கொடுத்துவந்த அம்மா ஒருவர் அதனை வைத்தியரிடம் சொல்லவில்லை. வரிசை நீளம், அவருக்குக் கூச்சம். எம்மிடம் சொன்னார். அன்றுமுதல் யாருக்கு எந்தக் குளிசை, எத்தனை நாளுக்கு மிச்சம் என்று அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்தியரிடம் கொடுத்தோம். நோயாளி சொல்லாமல் விடுவதைக் கேட்டறிவதும் வைத்தியமே என்பதை மருத்துவ பீடத்துக்கு முன்பே அந்தக் கொப்பி எமக்குக் கற்பித்தது.

அவ்வகுப்பிலிருந்து வைத்தியர்களும் தாதியரும் மருந்தாளரும் உருவாகினோம். இன்று சிலர் வன்னியிலும், சிலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பணியாற்றுகிறோம். வேறு தொழிலுக்குச் சென்றவர்களும் அந்நாட்களை மறக்கவில்லை.

நூற்றாண்டு காணும் எம் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். சாதாரணதரப் பரீட்சை எழுதிய மாணவியருக்கு விடுமுறைக் காலம் உண்டு. அக்காலத்தில் கிராமியக் கிளினிக்குகளிலும் முதியோர் இல்லங்களிலும் அவர்கள் தொண்டாற்ற ஒழுங்கு செய்வோம். போக்குவரத்துச் செலவைக் கடல்கடந்து வாழும் நாம் பொறுப்பேற்கலாம். வழிகாட்ட ஊரிலுள்ள நாம் இருக்கிறோம். அவர்கள் அனைவரும் வைத்தியராக வேண்டியதில்லை. ஒரு நோயாளியின் அருகில் அமர்ந்து கேட்கப் பழகினால், கல்லூரி அன்னைக்கு அதுவே பெருமை.