புஷ்ஷுக்காக வாதாடியவர்... டிரம்ப் வாதத்தை உடைத்தவர்! யார் இந்த பென் கின்ஸ்பெர்க்?

அமெரிக்காவில் நாடு முழுக்க தேர்தல் நடத்த ஒரே ஆணையம் கிடையாது. மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும். அதனால், முடிவு இழுபறியானால் கட்சிகள் முதலில் தேடுவது வக்கீல்களைத்தான். குடியரசுக் கட்சிக்கு அப்படி பல ஆண்டுகள் கைகொடுத்தவர் பென் கின்ஸ்பெர்க்.

முதல் சர்ச்சை

1990களின் தொடக்கத்தில் தொகுதி மறுவரையறை. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள தொகுதிகளை உருவாக்க, எதிர்முகாமில் இருந்த கறுப்பினத் தலைவர்களுடனேயே கைகோர்த்தார் கின்ஸ்பெர்க். கறுப்பினப் பிரதிநிதிகள் அதிகரித்தனர். ஆனால், ஜனநாயகக் கட்சி வாக்குகள் சில தொகுதிகளில் குவிந்துவிட, பக்கத்து தொகுதிகள் குடியரசுக் கட்சிக்கு சாதகமானதாக விமர்சனம் எழுந்தது.

537 வாக்குகள்

2000 அதிபர் தேர்தலில் புளோரிடாவில் அல் கோரை விட புஷ் முந்தியது வெறும் 537 வாக்குகளில். மறு எண்ணிக்கையை எதிர்த்துப் போராடிய புஷ் அணியின் தேசிய சட்ட ஆலோசகர் கின்ஸ்பெர்க்தான். டிசம்பர் 12-ம் தேதி மறு எண்ணிக்கைக்கு உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைக்க, புஷ் அதிபரானார்.

பதவியைப் பறித்த விளம்பரம்

2004-ல் ஜான் கெர்ரியின் வியட்நாம் போர் சேவையைத் தாக்கி ஒரு முன்னாள் வீரர்கள் குழு விளம்பரம் வெளியிட்டது. புஷ் அணியில் இருந்துகொண்டே அந்தக் குழுவுக்கும் கின்ஸ்பெர்க் சட்ட ஆலோசனை சொன்னது வெளியே வந்தது. வேட்பாளரும் வெளிக்குழுவும் சேர்ந்து திட்டமிட சட்டத்தில் தடை உண்டு. 'தப்பு எதுவும் செய்யவில்லை, எதிர்க்கட்சி வக்கீல்களும் இதைத்தான் செய்கிறார்கள்' என்பது அவரது தரப்பு. ஆனாலும் பதவி விலகினார்.

அங்கே ஒரு பேச்சு, இங்கே ஒரு பேச்சா?

2008 மினசோட்டா செனட் தேர்தலில் நார்ம் கோல்மனுக்காக களமிறங்கினார். புளோரிடாவில் மறு எண்ணிக்கை வேண்டாம் என்ற அதே அணி வக்கீல், இங்கே நிராகரிக்கப்பட்ட தபால் வாக்குகளையும் எண்ணச் சொன்ன தரப்பில் நின்றார். கடைசியில் அல் பிராங்கன் 312 வாக்குகளில் ஜெயித்தார். கட்சி வக்கீல்கள் மீதான முக்கியமான கேள்வியே இதுதான்: இவர்கள் காப்பது வாக்கையா, வேட்பாளரையா?

2020-ல் திருப்பம்

வக்கீல் தொழிலில் இருந்து ஓய்வு பெற்ற சில நாட்களிலேயே வாஷிங்டன் போஸ்ட்டில் கட்டுரை எழுதினார். பல ஆண்டுகளாக வாக்குச்சாவடிகளில் முறைகேட்டைத் தேடியும் ஆங்காங்கே சில சம்பவங்களைத் தவிர எதுவும் சிக்கவில்லை என்றார். தேர்தல் முறைகேடு என்ற டிரம்ப்பின் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்பதே சாராம்சம்.

2022 ஜூன் 13-ம் தேதி நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் சாட்சி சொன்னார். டிரம்ப் தரப்பு போட்ட 60-க்கும் மேற்பட்ட வழக்குகளில் ஒன்றில்கூட முறைகேட்டை நீதிமன்றம் ஏற்கவில்லை என்றார். மிகக் குறைந்த வித்தியாசம் அரிசோனாவில், அதுவே 10,457 வாக்குகள். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை மறு எண்ணிக்கை மாற்றாது என்பதும் அவரது வாதம்.

டிரம்ப் ஆதரவாளர்களுக்கு இது துரோகம். ஜனநாயகக் கட்சியினர் சிலருக்கோ இது தாமதமான ஞானோதயம். ஆனால், 537 வாக்குகளுக்காக உச்ச நீதிமன்றம் வரை போராடிய அணியின் வக்கீலே சொன்னதால், அந்த சாட்சியத்தை எதிர்க்கட்சியின் பேச்சு என்று ஒதுக்க முடியவில்லை.