விவேக் நகர் குழாயும் தண்ணீர்க் கணக்கும்

குழாயில் ஓடும் நீரை அளக்கும் கருவிகள் இரண்டு வேலைகளுக்காகப் பிறந்தவை. ஊருக்கு மொத்தமாக எவ்வளவு வந்தது என்று அறிவது ஒன்று. வீட்டுக்கு வீடு எவ்வளவு போனது என்று பார்த்துப் பணம் வாங்குவது மற்றொன்று. பெங்களூரு விவேக் நகரில் ஒரு வீட்டுச் சம்பில் விழும் காவிரி நீர் இந்த இரண்டு வகைக் கருவிகளையும் கடந்தே வருகிறது. அந்த நீர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுனி என்று மூன்று நிலையங்களில் பம்பு செய்யப்பட்டு, மொத்தம் ஐந்நூறு மீட்டர் அளவுக்கு மேலேற்றப்படுகிறது. வழியில் ஒழுகும் ஒவ்வொரு லிட்டரோடும் அதை ஏற்றிய மின்சாரமும் ஒழுகுகிறது. அளவைக் கருவி இந்த ஊருக்கு வேறெந்த ஊரையும்விட அவசியமானதற்குக் காரணம் இதுதான்.

விவேக் நகர், ஆஸ்டின் டவுன், நீலசந்திரா ஆகிய பகுதிகள் பழைய கண்டோன்மென்ட்டின் தென்கிழக்கு விளிம்பை ஒட்டியவை. மதராஸ் படையோடும் அதன் பின்னாலும் வந்த தமிழர்கள் பெருகிய பக்கம் அது. கண்டோன்மென்ட்டின் நீர் முதலில் அல்சூர் போன்ற ஏரிகளிலிருந்து வந்தது; 1882-ல் சாங்கி ஏரியும் அதற்காகவே வெட்டப்பட்டது. அந்நாளில் ஏரியின் நீர்மட்டம்தான் கணக்கு. குழாய்க் கணக்கு தொடங்கியது 1890களின் நடுவில், திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா ஏரியிலிருந்து நீர் வரத் தொடங்கியபோது. செங்கல் கால்வாய் வழியாக சோலதேவனஹள்ளிக்கு வந்த நீரை நீராவி இயந்திரங்கள் மேட்டுக்குத் தள்ளின.

நீராவிப் பம்புகளின் காலத்தில் உலகெங்கும் எளிய கணக்கு ஒன்று நிலவியது. பிஸ்டன் ஒருமுறை தள்ளும் நீரின் அளவை, அது எத்தனை முறை தள்ளியது என்ற எண்ணால் பெருக்கினால் போதும். ஆனால் வால்வு தேய்ந்து நீர் பின்னால் கசிந்தாலும் எண்ணிக்கை குறையாது. தேய்ந்த பம்பு ஏட்டில் மட்டும் புதுப் பம்பாகவே உழைத்துக்கொண்டிருக்கும்.

இந்தக் குறையை நீக்கிய கருவி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹோலியோக் ஊரில் பிறந்தது. ஆற்று நீரை ஆலைகளுக்கு விற்ற நிறுவனம் ஒன்றின் பொறியாளர் கிளெமன்ஸ் ஹெர்ஷல். எந்த ஆலை எவ்வளவு எடுக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. குழாயை ஓரிடத்தில் மெல்லக் குறுக்கி மீண்டும் அகட்டினால், குறுகிய இடத்தில் நீரின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். இத்தாலியரான ஜோவானி பத்தீஸ்தா வெஞ்சுரி 1797-லேயே இதை எழுதியிருந்தார். அதற்கான கணிதத்தை 1738-ல் டேனியல் பெர்னூலி தந்திருந்தார். ஹெர்ஷல் 1880களின் பிற்பாதியில் அதைக் கருவியாக்கி, தம் பெயரை வைக்காமல் வெஞ்சுரியின் பெயரை வைத்தார். இங்கிலாந்தின் ஜார்ஜ் கென்ட் நிறுவனம் அதைப் பிரிட்டிஷ் உலகம் முழுவதும் பரப்பியது.

வெஞ்சுரி மீட்டரில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. தேயவும் எதுவும் இல்லை. ஆனாலும் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. அழுத்த வேறுபாடு ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். ஓட்டம் பாதியானால் வேறுபாடு கால்பங்காகும். பத்தில் ஒன்றானால் நூறில் ஒன்றாகிவிடும். அந்த வேறுபாட்டைக் காட்டும் பாதரசக் குழாயில் நூறில் ஒரு பங்கைக் கண்ணால் பிரித்துப் படிப்பது நடக்கிற காரியமல்ல. அதனால் எப்போதும் நிறைய ஓடும் பெருங்குழாய்க்கு அது பொருந்தியது. திறந்தும் மூடியும் இருக்கும் வீட்டுக் குழாய்க்குப் பொருந்தவில்லை.

ஹெர்ஷல் வேறொரு காரியமும் செய்தார். கி.பி. 97-ல் ரோம் நகரின் நீர்க் கண்காணிப்பாளராக அமர்ந்த பிராண்டினஸ் எழுதிய நூலை 1899-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். பிராண்டினஸ் குழாயின் வாயளவை மட்டுமே வைத்து நீரைக் கணக்கிட்டவர். வேகத்தைக் கணக்கில் சேர்க்க அவருக்கு வழி தெரியவில்லை. இருந்தும் ஏட்டிலுள்ளதற்கும் ஆற்றில் எடுப்பதற்கும் பொருத்தமில்லை என்பதையும், நீர்ப்பணியாளர்களே இடையில் குழாயைத் துளைத்து விற்றுவந்ததையும் அவர் கண்டுபிடித்தார். ‘கணக்கில் வராத நீர்’ என்று இன்று குடிநீர் வாரியங்கள் சொல்லும் சிக்கல் அவ்வளவு பழையது.

வீட்டு மீட்டரின் வரலாறு தனி. 1850களின் தொடக்கத்தில் வில்லியம் சீமென்ஸ் நீரால் சுழலும் சக்கரம் கொண்ட மீட்டரை இங்கிலாந்தில் கொண்டுவந்தார். அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் தாமஸ் கென்னடி பிஸ்டன் மீட்டரைச் செய்தார். பிஸ்டன் வகை நீரைப் படிபடியாக அளந்து ஊற்றும். சக்கர வகை, சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதிலிருந்து அளவை ஊகிக்கும். மணலும் துருவும் கலந்துவரும் குழாயில் பிஸ்டன் மாட்டிக்கொள்ளும். இந்திய வீடுகளில் நிலைத்தது சக்கர வகையே: பித்தளை உடல், உள்ளே பல துளைகள் வழியாகப் பாயும் நீரால் சுழலும் இறகுச் சக்கரம், மேலே எண்கள். இந்தியத் தரநிலையில் வீட்டு மீட்டருக்கு ஐ.எஸ். 779, பெருங்குழாய் மீட்டருக்கு ஐ.எஸ். 2373.

ஆற்றை அளக்கும் கருவியும் இதற்கு உறவுதான். ஜெர்மன் பொறியாளர் ரைன்ஹார்ட் வோல்ட்மன் 1790-ல் ஓடும் நீரில் இறக்கி வேகம் பார்க்கும் இறகுச் சக்கரம் ஒன்றை விவரித்தார். அதன் வழிவந்த கருவி, பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வரும் காவிரியைக் கன அடியில் சொல்லும் வகையைச் சேர்ந்தது. அதே அமைப்பைக் குழாய்க்குள் வைத்தபோது அது வோல்ட்மன் மீட்டர் ஆனது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் பெங்களூரின் குடிநீருக்கென்று கூட்டிய 4.75 டி.எம்.சி. முதலில் ஆற்றுக் கணக்கு. தொரேகாடனஹள்ளியைத் தாண்டியதும் அது குழாய்க் கணக்கு. தமிழ்நாட்டில் முதல் கணக்கைப் பற்றிப் பேச்சு ஓய்வதில்லை. இரண்டாவதை அநேகமாக யாரும் கேட்பதில்லை.

1920களில் ஹெசரகட்டா வறண்டது. விஸ்வேஸ்வரய்யாவின் ஆலோசனையோடு, அர்க்காவதியும் குமுத்வதியும் கூடுமிடத்தில் திப்பகொண்டனஹள்ளி அணை 1933-ல் வந்தது. 1964-ல் பெங்களூரு குடிநீர் கழிவுநீர் வாரியம் தனிச்சட்டத்தால் அமைந்தது. 1974-ல் காவிரி முதல் கட்டம், நாளுக்கு 135 மில்லியன் லிட்டர். 1982, 1993, 2002, 2012 என்று அடுத்தடுத்த கட்டங்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டம் மட்டும் 775 மில்லியன் லிட்டர். அதன் பெருங்குழாயின் விட்டம் மூன்று மீட்டர். கணக்கிட்டால் அதில் நீர் நொடிக்கு ஒன்றேகால் மீட்டர் வேகத்தில், ஒரு மனிதரின் நடை வேகத்தில், நகர்கிறது.

இத்தகைய குழாய்களுக்கு இப்போது பெரும்பாலும் மின்காந்த ஓட்டமானி. காந்தப்புலத்தின் குறுக்கே கடத்தி நகர்ந்தால் மின்னழுத்தம் பிறக்கும் என்ற மைக்கேல் ஃபாரடே, நீரும் ஒரு கடத்திதானே என்று 1832 ஜனவரியில் லண்டன் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் ஆற்றில் உலோகத் தகடுகளை இறக்கிப் பார்த்தார். புவியின் காந்தப்புலத்தில் ஆற்றின் ஓட்டம் தரும் மின்னழுத்தத்தை அவரால் உறுதியாகப் பிரித்தறிய முடியவில்லை. 1950களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில், தூர்வாரும் கப்பல்களின் சேற்றுக் குழாய்களுக்காகவே அந்தக் கருத்து விற்பனைக்குரிய கருவியானது. குழாய்க்கு வெளியே கம்பிச்சுருள், உள்ளே இரு பக்கமும் இரண்டு மின்முனைகள். அளவு வேகத்துக்கு நேர் விகிதம் என்பதால் வெஞ்சுரியின் இருமடிச் சிக்கல் இல்லை. நிபந்தனை ஒன்று உண்டு: குழாய் முழுதும் நிறைந்து ஓட வேண்டும்.

சுழல் ஓட்டமானி, கொரியாலிஸ் ஓட்டமானி என்று பின்னர் வந்தவை எண்ணெய்ச் சுத்திகரிப்பு, ரசாயன ஆலைகளின் பக்கம் போய்விட்டன. குடிநீர் வாரியங்களுக்கு அவற்றின் விலை கட்டாது.

பெங்களூரின் விசித்திரம் 2007-ல் வெளிச்சத்துக்கு வந்தது. ஆசிய வளர்ச்சி வங்கியும் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகமும் இருபது நகரங்களின் குடிநீர்ப் புள்ளிவிவரங்களைத் தொகுத்து வெளியிட்டன. பெங்களூரில் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு மீட்டர் இருந்தது. கணக்கில் வராத நீர் 45 விழுக்காடு. சென்னையில் மீட்டர் நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு. கணக்கில் வராத நீரோ 17 விழுக்காடு. மேலோட்டமாகப் பார்ப்பவர் சென்னையைப் புகழ்வார். உண்மையில் மீட்டர் இல்லாத ஊரின் 17 வெறும் மதிப்பீடு. அளந்த ஊருக்குத்தான் தன் இழப்பு தெரியும். எனவே பெங்களூரின் 45-ஐ அவமானமாக எடுத்துக்கொள்வதைவிட, மற்ற ஊர்கள் பார்க்க மறுத்த எண்ணாக எடுத்துக்கொள்வதே நியாயம்.

அந்த 45-க்குள் மூன்று சங்கதிகள் கலந்திருந்தன: மண்ணுக்குள் ஒழுகியது, திருடப்பட்டது, வீட்டு மீட்டர் எண்ணத் தவறியது. மூன்றாவதன் இயல்பு நுட்பமானது. அரை அங்குல இணைப்பின் ‘பி’ வகுப்பு மீட்டர் மணிக்கு 120 லிட்டருக்கு மேல் ஓடும்போது இரண்டு விழுக்காட்டுப் பிழைக்குள் நிற்கும். 30 லிட்டர் வரை ஐந்து விழுக்காடு. அதற்கும் கீழே உறுதி இல்லை. மணிக்கு 30 லிட்டர் நாளெல்லாம் சொட்டினால் 720 லிட்டர். மிதவை வால்வு மூடிமூடாமல் நிற்கும் தொட்டி, இதற்குச் சற்றுக் குறைவான நீரை மீட்டர் சரியாக எண்ணாமலே வாங்கிக்கொள்ளக்கூடும். விவேக் நகர் போன்ற பகுதிகளில் நீர் முறைவைத்து வருவதால் நிலைமை வேறு. திறந்ததும் சம்புக்குள் வேகமாகப் பாய்கிறது. மீட்டர் நன்றாகவே எண்ணுகிறது. ஆனால் நீருக்கு முன்னால் வரும் காற்றும் சக்கரத்தைச் சுழற்றும். நீர் வரும் முன்பே மீட்டர் ஓடுகிறது என்று மக்கள் சொல்லும் குறையில் உண்மை உண்டு. 2014 கட்டணத்தில் முதல் எட்டு கிலோலிட்டருக்குத் தலா 7 ரூபாய், ஐம்பதைத் தாண்டினால் 45 ரூபாய். ஒரே மீட்டரில் பல குடித்தனங்கள் இருக்கும் கட்டடத்துக்கு அந்தப் படிக்கட்டு செங்குத்தாக இருந்தது.

ஒழுகலைத் தேடும் முறைக்கு நூற்றைம்பது ஆண்டு வயது. 1873-ல் லிவர்பூல் நகரப் பொறியாளர் ஜார்ஜ் டீக்கன், கூம்புக் குழாயில் ஒரு தட்டைத் தொங்கவிட்டு, ஓட்டத்தால் அது இறங்குவதைப் பென்சில் காகித உருளையில் கோடிடும்படி செய்தார். ஊர் தூங்கும் நேரத்திலும் கோடு சுழியத்துக்குத் திரும்பாத தெருவில் ஒழுகல் இருக்கிறது என்று பொருள். பணியாளர்கள் அந்தத் தெரு வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி, கோடு எப்போது சுழியத்தை நோக்கித் திரும்புகிறது என்று பார்த்தார்கள். நேரம் வைத்து நீர் விட்டுக்கொண்டிருந்த லிவர்பூல் இதன் உதவியால் நாள்முழுதும் நீர் தரும் ஊராக மாறியது.

பெங்களூரும் இதே வழியைக் கையில் எடுத்தது. நகரத்தைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நுழைவில் ஓட்டமானி பொருத்தி, நுழைந்ததிலிருந்து வீட்டு மீட்டர்களின் கூட்டுத்தொகையைக் கழிக்கும் திட்டங்கள் ஜப்பானியக் கடனுதவியோடு நடந்தன. ஆனால் டீக்கனின் இரவுக் கோடு இங்கே சுலபமாகச் சுழியத்துக்குத் திரும்பாது. வால்வ்மேன் திறக்கும் சில மணி நேரம் மட்டும் ஓடும் தெருவில், நள்ளிரவிலும் ஒவ்வொரு சம்பும் நீரை இழுக்கும். பாதி காலியான குழாயில் மின்காந்த ஓட்டமானியும் தடுமாறும். முறைவைத்து விடும் ஊரில் கழித்தல் கணக்கை ஒரு சுழற்சி முழுதுக்கும் சேர்த்தே போட வேண்டும். அவ்வளவு சிரமத்துக்குப் பிறகு, கணக்கில் வராத நீர் இப்போது முப்பது விழுக்காட்டை ஒட்டி இறங்கியிருப்பதாக வாரியம் சொல்கிறது.

மீட்டர் சொல்வது சரியா என்று பார்க்கவும் ஓர் இடம் வேண்டும். பாலக்காடு கஞ்சிக்கோட்டில் 1987-ல் அமைந்த ஃப்ளூயிட் கண்ட்ரோல் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் இந்தியாவில் இதற்கான முக்கிய நிறுவனம். ஓட்டமானி வழியாக ஓடும் நீரைக் குறித்த நேரத்துக்கு எடைத்தொட்டியில் திருப்பிவிட்டு, நிறுத்துக் கண்ட எடையோடு மீட்டரின் எண்ணை ஒப்பிடுவதே அடிப்படை முறை. சிறிய பிழையும் சிறிதல்ல: 775 மில்லியன் லிட்டரில் ஒரு விழுக்காடு என்பது, தலைக்கு நூறு லிட்டர் என்றால், எழுபத்தேழாயிரத்து ஐந்நூறு பேரின் ஒருநாள் நீர். மூன்று மீட்டர் குழாயில் பொருத்திய கருவியைக் கழற்றிப் பாலக்காட்டுக்கு எடுத்துப்போக முடியாது. அதைச் சாலையோரக் குழியிலேயே, குழாயின் வெளிப்புறத்தில் கட்டும் மீயொலிக் கருவியால் ஒப்பிடலாம். அல்லது நீர்த்தேக்கத் தொட்டியின் வெளிவழிகளை அடைத்து, மட்டம் ஏறும் வேகத்தைக் கடிகாரம் வைத்துப் பார்க்கலாம்.