18 வருடங்களின் பின் மீண்டும் கூடிய குழு

ஜமைக்கா என்றால் எம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கிரிக்கெட். மைக்கல் ஹோல்டிங், கோர்ட்னி வோல்ஷ், கிறிஸ் கெய்ல். பிறகு உசைன் போல்ட். அதற்கும் பிறகு, முச்சக்கர வண்டிகளின் பின்னால் ஒட்டியிருக்கும் பொப் மார்லி. ஸ்டிக்கரை ஒட்டியவரிடம் இவர் யார் என்று கேட்டால், "பாட்டுக்காரர் சேர்" என்பதோடு கதை முடிந்துவிடும்.

பொப் மார்லியின் குழுவுக்குக் கிடைத்த முதல் வெற்றிப் பாடல் 1964இல் வந்தது. அதில் அவருக்குப் பின்னால் நின்று வாசித்தவர்களைப் பற்றித்தான் இன்று எழுதப்போகிறோம். அதே வருடம் ஜூன் மாதம் அவர்கள் 'ஸ்கடலைட்ஸ்' என்ற பெயரில் ஒரு குழுவானார்கள். வானத்தில் செய்மதிகள் சுற்றத் தொடங்கிய காலம் அது. தங்களுடைய 'ஸ்கா' இசையையும் 'சட்டலைட்' என்ற சொல்லையும் சேர்த்து வேடிக்கையாக வைத்த பெயர்.

(இசை கூடுமா கூடாதா என்ற மஸ்அலாவை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். நாம் வரலாறு படிப்பிக்கிறவர்கள். அந்தப் பக்கத்தை மட்டும் பார்ப்போம்.)

ஸ்கா என்றால் என்ன? ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கைதட்டி எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் நடுவில் ஓர் இடைவெளி வருகிறதல்லவா, அந்த இடைவெளியில் கிட்டாரும் பியானோவும் 'சக், சக்' என்று வெட்டி விழும். அவ்வளவுதான். அமெரிக்க வானொலியில் கேட்ட பாட்டுகள், தீவின் பழைய மென்டோ இசை, ரஸ்தபாரிகளின் மேளம், ஜாஸ் எல்லாம் கலந்து, 1962 ஓகஸ்டில் சுதந்திரமடைந்த ஒரு சின்ன நாட்டுக்குச் சொந்தக் குரலாக வந்தது. அதன் வேகத்தைக் குறைத்தபோது ரொக்ஸ்டெடி பிறந்தது. அதிலிருந்து வந்ததுதான் ரெகே.

ஆசிரியர்களாகிய எமக்கு இந்தக் கதையில் பிடிபடும் இடம் வேறு. குழுவின் முக்கியமான நால்வர் ஒரே பாடசாலையின் பிள்ளைகள். டொமி மெக்குக், டொன் ட்ரமண்ட், லெஸ்டர் ஸ்டேர்லிங், ஜொனி மூர். கிங்ஸ்டன் நகரில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆல்ஃபா ஆண்கள் பாடசாலை அது. 1880இல் தொடங்கிய இல்லம். அநாதைகள், வீட்டில் வளர்க்க வழியில்லாதவர்கள், நீதிமன்றம் அனுப்பிய குறும்புக்காரர்கள் என்று, ஊர் 'உருப்படாது' என்று ஒதுக்கிய பையன்கள் வந்து சேர்ந்த இடம். அச்சுத் தொழிலும் தையலும் சப்பாத்துத் தைப்பதும் படிப்பித்தார்கள். கூடவே பாண்ட் வாத்தியமும்.

அங்கே மேரி இக்னேஷியஸ் என்ற அருட்சகோதரி இருந்தார். 2003இல் இறக்கும்வரை, 60 வருடங்களுக்கும் மேலாக, அந்தப் பையன்களோடுதான் அவருடைய வாழ்க்கை. பெரியதோர் இசைத்தட்டுச் சேகரிப்பு வைத்திருந்து, ஜாஸும் மேற்கத்திய சங்கீதமும் லத்தீன் இசையும் போட்டுக் காட்டுவாராம். எமது பாடசாலைகளில் பாண்ட் வாத்தியங்கள் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் மட்டும் அலுமாரியிலிருந்து வெளியே வரும், முடிந்ததும் திரும்பவும் பூட்டு. ஆல்ஃபாவில் அது வருடம் முழுக்க நடந்த பாடம். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ட்ரமண்ட் அப்படி ட்ரொம்போன் சொல்லிக் கொடுத்த சின்னவர்களில் ஒருவர் ரிகோ ரொட்ரிகஸ். இந்தப் பெயரை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு வருவார்.

குழு ஆரம்பித்த பிறகு நடந்தது நம்ப முடியாத உழைப்பு. பகலில் கொக்ஸன் டொட், டியூக் ரீட் போன்ற தயாரிப்பாளர்களின் ஒலிப்பதிவுக் கூடங்கள், இரவில் கிளப்புகள். ஒலிப்பதிவுக்குக் கையில் கூலி. பல இசைத்தட்டுகளில் குழுவின் பெயர்கூட இருக்காது. அதே வாத்தியக்காரர்கள் பிரின்ஸ் பஸ்டருக்கும் வாசித்தார்கள். ஸ்காவின் பெரிய பெயர்களில் ஒருவரான இவர், 1964இல் குத்துச்சண்டை வீரர் முஹம்மத் அலியைச் சந்தித்த பின் இஸ்லாத்தைத் தழுவி முஹம்மத் யூசுப் அலி ஆனவர். 2016இல் வபாத்தானார். எம்மவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எல்லாம் 14 மாதங்கள்தான். 1965 ஜனவரியில் டொன் ட்ரமண்ட், தன்னோடு வாழ்ந்த அனிட்டா மஹ்ஃபூத் என்ற பெண்ணைக் கத்தியால் குத்திக் கொன்றார். இந்த இடத்தைப் பல கட்டுரைகள் 'மேதையின் சோகம்' என்று எழுதிக் கடந்து போகின்றன. எமக்கு அதில் உடன்பாடில்லை. ட்ரமண்ட் நீண்ட காலமாக மனநோயால் அவதிப்பட்டவர், அது உண்மை. ஆனால் செத்தது அவள். மார்கரீட்டா என்ற பெயரில் மேடையில் ஆடிய அவளும் ஒரு கலைஞர்தான். லெபனான் பூர்வீகக் குடும்பத்துப் பெண். ரஸ்தபாரிகளைச் சமூகம் தீண்டத்தகாதவர்கள் போல் பார்த்த காலத்தில், கவுண்ட் ஒஸியின் ரஸ்தா மேளக்காரர்கள் மேடையேறக் காரணமாக நின்றவள். ஸ்கடலைட்ஸ் வாத்தியக்காரர்களோடு சொந்தமாக ஒரு பாட்டும் பாடிப் பதிவு செய்தாள். ட்ரமண்ட் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு 1969இல் அங்கேயே இறந்தார்.

1965 ஓகஸ்டில் குழு உடைந்தது. மெக்குக் ஒரு பக்கம், இன்னொரு சாக்ஸபோன்காரரான ரோலண்ட் அல்போன்ஸோ இன்னொரு பக்கம். ஆளுக்கொரு குழு, ஆளுக்கொரு தயாரிப்பாளர். காலம் ரெகேயைத் தூக்கிக்கொண்டு போனது. ஜமைக்காவின் இளைஞர்களுக்கு ஸ்கா வாப்பாமாரின் பாட்டாகிவிட்டது.

அதைத் தூசு தட்டி எடுத்தது இங்கிலாந்து. 1979 அளவில் கொவன்ட்ரி நகரத்து 'ஸ்பெஷல்ஸ்' குழு, லண்டன் 'மட்னஸ்' குழு என்று வெள்ளையர், கறுப்பர் இளைஞர்கள் பழைய ஸ்காவை வாசிக்கத் தொடங்கினார்கள். நிறவாதம் தெருவில் நின்று அடித்த காலம். மட்னஸ் தன் பெயரையே பிரின்ஸ் பஸ்டரின் பாட்டிலிருந்துதான் எடுத்தது. ஸ்பெஷல்ஸ் இசைத்தட்டில் ட்ரொம்போன் ஊதிய வயதான மனிதர் யார் என்று பார்த்தால், ஆல்ஃபாவில் ட்ரமண்டிடம் படித்த அதே ரிகோ ரொட்ரிகஸ்!

1983இல், மொண்டேகோ பே நகரத்து ரெகே சன்ஸ்பிளாஷ் விழாவில், ஸ்கடலைட்ஸ் மீண்டும் ஒரே மேடையில் ஏறினார்கள். மெக்குக்குக்கு வயது 56. பிறகு பலர் ஐக்கிய அமெரிக்காவில் குடியேறி, அங்கிருந்து உலகம் முழுக்கப் பயணம்.

வயது போன குழுக்கள் திரும்பி வரும்போது வழமையாக என்ன செய்யும்? புதுப் பாணியை ஒட்டிக்கொண்டு இளமையாகக் காட்டப் பார்க்கும். இவர்கள் நேர் எதிராகப் போனார்கள், ஸ்காவுக்கும் பின்னால் இருந்த ஜாஸுக்கு. மெக்குக் அடிப்படையில் ஜாஸ்காரர். 1950களில் பஹாமாஸில் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தவர். 1962இல் நாடு திரும்பியபோது ஸ்கா வாசிக்க முதலில் அவருக்கு விருப்பமே இருக்கவில்லை. சிறிய இசைத்தட்டில் மூன்று நிமிடம்தான் இடம், ஊதத் தொடங்கும்போதே முடிந்துவிடும். 1994இல் வெளிவந்த 'ஹை பொப் ஸ்கா'வில் அந்தக் கதவு திறந்தது. லெஸ்டர் போவி, டேவிட் மரே போன்ற அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் விருந்தினராக வந்தார்கள். பழைய மெட்டுகளையே நீட்டி நீட்டி, ஒவ்வொருவரும் மூச்சு முட்டும்வரை வாசித்தார்கள். கேட்டால் தெரியும், லொயிட் நிப்பின் ட்ரம் 1964இல் அடித்த அதே அடிதான். அதுவும் அடுத்த இசைத்தட்டும் கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டன. கிடைக்கவில்லை.

அல்போன்ஸோ 1998 நவம்பரில் ஹொலிவூட்டில் மேடையிலேயே சரிந்து விழுந்து, அதே மாதம் இறந்தார். அதே வருடம் மே மாதம் மெக்குக் போயிருந்தார். 2011இல் நிப், 2012இல் பாஸ்காரர் பிரெவெட். ட்ரமண்டின் ட்ரொம்போனுக்கு ஆள் வேண்டியிருந்தபோது, பிற்காலத்தில் வந்து வாசித்தவர்களில் ஒருவர் வின் கோர்டன். அவரும் ஆல்ஃபாப் பையன். இளவயதில் அவரை 'டொன் ட்ரமண்ட் ஜூனியர்' என்றே அழைத்தார்கள்.

ஆல்ஃபாவின் விடுதி 2014இல் மூடப்பட்டது, இசைப் பாடம் தொடர்கிறது. குழுவை ஆரம்பித்த வாத்தியக்காரர்களில் கடைசியாக மிஞ்சியிருந்த லெஸ்டர் ஸ்டேர்லிங் 2023 மே மாதம் காலமானார். அல்டோ சாக்ஸபோன் அவருடைய வாத்தியம். அதற்கு முன் ஆல்ஃபாவில் அவர் கையில் முதலில் கொடுத்தது ட்ரம்பெட்.