பனையடியில் இரண்டு பாலப்பருவங்கள்

யாழ்ப்பாணத்து மக்கள் பனையைக் கற்பகதரு என்று போற்றுவர். அதன் பயன்கள் 801 எனத் 'தாலவிலாசம்' என்னும் பழைய நூல் கணக்கிட்டுப் பாடிற்று. வில்லியம் பெர்குசன் என்னும் ஆங்கிலேய ஆட்சிக்கால ஆசிரியர் 1850இற் பனையைப் பற்றியே ஒரு தனிநூல் எழுதிக் கொழும்பில் வெளியிட்டார். பயன்களை எண்ணியோர் பலர். அப்பயன்களை மரத்திலிருந்து மண்ணுக்குக் கொண்டுவந்தவனை எண்ணியோர் மிகச் சிலரே.

நம்முட் பலருக்குப் பாலப்பருவம் என்பதே பனையின் வேறு பெயராகும். நுங்கு குடித்த கோம்பைகள் இரண்டைத் தடியிற் கோத்து வண்டிலுருட்டினோம். ஆவணி புரட்டாதியில், விடியுமுன் 'தொப்'பென்று விழும் பழத்தின் ஓசை கேட்டு வடலிக்குள் ஓடினோம். சுட்ட பழத்தைச் சூப்பி, பல்லிற் சிக்கிய தும்பை நாட்கணக்கில் நோண்டினோம். முளைத்த விதையைப் பிளந்து பூரான் தின்றோம். பாத்தியிற் கிண்டிய கிழங்கை அவித்துக் காயவைத்தாற் புழுக்கொடியல். அவியாது காயவைத்தால் ஒடியல். எஞ்சிய ஊமலும் வீணாகவில்லை. அதன் கரியாற் பல் துலக்கினோம். இவற்றுள் எதனையும் நாம் விலை கொடுத்து வாங்கியதாக நினைவில்லை. (பனாட்டை மட்டும் பாட்டிமார் பூட்டி வைத்தனர்.)

ஆனால் அதே மரத்தடியில் இன்னொரு பாலப்பருவமும் இருந்தது. பாளையை நாடோறுஞ் சீவாவிடிற் சாறு வற்றிவிடும். ஆதலின் மரமேறுந் தொழிலாளி தளநாரைக் காலிற் பூட்டிக்கொண்டு, காலையும் மாலையும், அறுபது எழுபது அடி உயரம், ஒன்றன்பின் ஒன்றாகப் பல மரங்களில் ஏறியாக வேண்டும். முட்டியினுள்ளே சுண்ணாம்பு பூசினால் அது கருப்பணி. பூசாவிடிற் சில மணி நேரத்திற் கள். மரமோ பெரும்பாலும் பிறருடையது. தந்தை மரத்திலிருக்கையில் அண்ணாந்து பார்த்து நிற்கும் பிள்ளைக்குப் பனை விளையாட்டுப் பொருளன்று.

பிளாவை எடுத்துக்கொள்வோம். குருத்தோலையிற் கோலிய அப்பாத்திரத்திற் கூழ் குடித்த இன்பத்தை எழுதாத யாழ்ப்பாணத்து எழுத்தாளர் அரியர். நமக்கு அது விருப்பம். மரமேறியவனுக்கோ பிளாவும் சிரட்டையும் விதி. வீட்டுச் செம்பைத் தொட அவனுக்கு உரிமையில்லை. 1930ஆம் ஆண்டையொட்டிப் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்க முற்பட்டபோது எழுந்த எதிர்ப்பு, அவன் பிள்ளை அதுவரை எங்கே அமர்ந்திருந்தது என்பதைக் காட்டும். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. எனினும் தேநீர்க்கடைக் குவளை தானாகக் கைக்கு வரவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. அதன் பின்னும் அடியும் உதையும் உயிரிழப்பும் நேர்ந்தன. இவ்வரலாற்றைப் பனையின் பெருமை பேசுவோர் பனையோடு சேர்த்துச் சொல்வதில்லை.

1978இற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. பின்வந்த போர்க்காலத்தில் எண்ணிறந்த பனைகள் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகத் தறிக்கப்பட்டன. இன்று வடலிகள் மீண்டும் தலைதூக்குகின்றன; ஏறுவதற்கு ஆளில்லை என்ற முறைப்பாடும் எழுகின்றது. தளநார் தேய்த்த தழும்பைத் தந்தையின் காலிற் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வேறு தொழில் தேடிச் சென்றுள்ளனர். அவர்களை நாம் குறைகூறவில்லை.